5 எழுத்து, 11 குறி, 29 பைட்டு: திரையில் தமிழ் உடையும் இடங்கள்

சிங்கப்பூரின் முதல் எம்ஆர்டி தடம் 1987 நவம்பர் 7 அன்று ஓடத் தொடங்கியபோது அதில் ஐந்து நிலையங்கள்தாம் இருந்தன. அவற்றில் ஒன்று ஆங் மோ கியோ. இன்று அந்த நிலையத்தின் பெயர்ப் பலகையில் ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் பக்கத்தில் தமிழும் இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் அந்தப் பெயரில் ஐந்து எழுத்துகளை எண்ணுவார்: ஆ, ங், மோ, கி, யோ. இடையில் இரண்டு இடைவெளிகள். அதே பெயரைப் பைத்தான் மொழியில் எழுதிய நிரலிடம் கொடுத்து நீளம் என்ன என்று கேட்டால் 11 என்கிறது. கோப்பில் சேமித்து அளவைப் பார்த்தால் 29 பைட்டு. மூன்று கணக்கும் சரிதான். கணினித் தமிழின் நாற்பதாண்டுத் தலைவலிகளில் பாதி, இந்த மூன்று கணக்குகளையும் ஒன்றென்று எண்ணியதால் வந்தவை.

குறைபட்ட தமிழைத் திரையில் பார்க்காதவர் குறைவு. வரிசையாகக் கேள்விக்குறிகள், வெற்றுக் கட்டங்கள், புரியாத ஐரோப்பிய எழுத்துகள், எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும் கொம்பு. "கணினிக்குத் தமிழ் ஒத்துவராது" என்று அலுத்துக்கொள்வதே வழக்கம். உண்மை வேறு. எழுத்துக்கு எண் கொடுக்கும் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இப்போது தமிழ் உடைவது, அந்த எண்களை நிரல் வெளியே அனுப்பும் கடைசிக் கட்டத்தில். எந்த இடத்தில் உடைந்தது என்பதை, உடைந்த விதத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

எழுத்துருவே சட்டமாக இருந்த காலம்

கணினிக்குள் எழுத்து கிடையாது, எண்தான் உண்டு. எந்த எண் எந்த எழுத்து என்று ஒப்புக்கொண்ட பட்டியலே குறியேற்றம். 1963இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி பட்டியலில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். ஒரு பைட்டில் 256 இடங்கள் உண்டு என்பதால், மேல்பாதி 128 இடங்களை மற்ற மொழிகள் ஆளுக்கு ஒரு விதமாக நிரப்பிக்கொண்டன.

தமிழில் எழுத்துகள் 247. கிரந்த வரிசைகளைச் சேர்த்தால் இன்னும் கூடும். 128 இடத்தில் அவற்றை அடைக்க ஒரே வழி, எழுத்துகளை உருவங்களாக வெட்டுவது. கொம்புக்கு ஓர் இடம், இரட்டைக் கொம்புக்கு ஓர் இடம், காலுக்கு ஓர் இடம் என்று ஒதுக்கினார்கள். மெய்யோடு ஒட்டி வடிவம் மாறும் கு, கூ வரிசைகளுக்கு மட்டும் தனி இடங்கள். ஆனால் எந்த உருவம் எந்த இடத்தில் என்பதை ஒவ்வொரு எழுத்துரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைத்தார். பல எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் உருவங்களைக் குடியேற்றின. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் மட்டுமே தெரியும். கோப்பில் இருப்பது தமிழ் என்பதற்கு எழுத்துருவைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் சிங்கப்பூர் தமிழ் இணையத்தில் முந்திக்கொண்டது. தேசியக் கல்விக் கழகத்தின் தமிழ் விரிவுரையாளரும் சிறுகதை எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி, 'கணியன்' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியிருந்தார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்த டான் டின் வீ, இணைய ஆய்வுப் பிரிவையும் நடத்திவந்தார். இருவரும் சேர்ந்த முயற்சியில், 1995இல் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிக் கவிதைகளும் ஒரே இணையத்தளத்தில் ஏறின. அதிபர் ஓங் டெங் சியோங் அதைத் தொடக்கிவைத்தார். அதிலிருந்த தமிழ்ப் பக்கங்கள், இணையத்தில் தமிழ் எழுத்திலேயே வெளியான முதல் பக்கங்களில் வைத்து எண்ணப்படுகின்றன. 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த 'தமிழ்நெட் 97' மாநாடு, ஒரே குறியேற்றம் வேண்டும் என்ற பேச்சைப் பல நாட்டுத் தமிழரிடையே மேடையேற்றியது. கோவிந்தசாமி 1999 மே மாதம் காலமானார். அதே ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் இரண்டாம் மாநாடு நடந்து முடிந்திருந்தது.

மாநாட்டுக்குப் பின் வந்தது ஒற்றுமை அல்ல. தமிழ்நாட்டு அரசு 1999இல் 'டாம்', 'டாப்' என்ற இரண்டு குறியேற்றங்களை ஏற்றது. இன்னொரு புறம் சுவிட்சர்லாந்தின் கு. கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன், கலிபோர்னியாவின் மணி மு. மணிவண்ணன் உள்ளிட்டோர் இணையம் வழியே கூடி உருவாக்கிய 'திஸ்கி' புலம்பெயர்ந்த தமிழரிடையே பரவியது. 2000 ஜூலையில் சிங்கப்பூரில் நடந்த மாநாட்டில் 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது.

திஸ்கியில் 'ஆங் மோ கியோ' 12 பைட்டுதான். ஆ ஒன்று, ங் ஒன்று, மோ மூன்று, கி இரண்டு, யோ மூன்று, இடைவெளி இரண்டு. சிக்கனமானதுதான். ஆனால் 'மோ' அதில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கும்: முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு ம, பிறகு கால். தட்டச்சுப் பொறிக்கு ஏற்ற வரிசை அது. தேடவும் அகர வரிசைப்படுத்தவும் எழுதப்படும் நிரலுக்கோ பெரும் தொல்லை. 'ம'வில் தொடங்கும் சொல் எது என்று கேட்டால், நிரல் கொம்பைத் தாண்டிப் பார்க்கப் பழக வேண்டும்.

யூனிகோடு கொடுத்த எண்கள்

ஆங் மோ கியோவுக்கு ரயில் வந்த அதே 1987இல்தான், ஸெராக்ஸ், ஆப்பிள் நிறுவனங்களின் பொறியாளர்கள் உலகின் எல்லா எழுத்துகளுக்கும் ஒரே பட்டியல் என்ற யோசனையைத் தொடங்கினார்கள். 1991 அக்டோபரில் வந்த யூனிகோடு முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. தமிழுக்கு ஒதுக்கிய இடம் 2944 முதல் 3071 வரை, 128 குறியெண்கள்.

இந்த ஒதுக்கீட்டின் அமைப்பு இந்திய அரசின் 'இஸ்கி' பட்டியலிலிருந்து வந்தது. எல்லா இந்திய எழுத்துமுறைகளும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டன. இந்தியின் முதல் மெய் 2325இல் இருக்கிறது, தமிழின் 'க' 2965இல். சரியாக 640 வித்தியாசம். மற்ற எழுத்துகளும் அதே இடைவெளியில் இணை சேரும். தமிழில் இல்லாத வடமொழி ஒலிகளின் இடங்கள் வெற்றாக விடப்பட்டன. அதனால் 'க'வை அடுத்து மூன்று குழிகள், பிறகே 2969இல் 'ங'.

அகரமேறிய க, ங போன்றவை தவிர, மற்ற உயிர்மெய்க்குத் தனி எண் இல்லை. அகரமேறிய எழுத்துக்கு ஓர் எண், உயிர்க்குறிக்கு ஓர் எண். புள்ளிக்கும் ஓர் எண் உண்டு, 3021. 'ங்' என்பது ங, புள்ளி என இரண்டு குறியெண். 'மோ' என்பது ம, ஓகாரக் குறி என இரண்டு. ஆங் மோ கியோவில் இப்படி 9 தமிழ்க் குறியெண்களும் இரண்டு இடைவெளிகளும் உள்ளன. 11 என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது.

29 வருவது வேறொரு வழியில். குறியெண் என்பது வெறும் எண். அதைப் பைட்டுகளாக எப்படி எழுதுவது என்பதற்கு இன்று எங்கும் வழங்கும் முறை யூடிஎஃப்-8. 1992 செப்டம்பரில் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சி உணவகம் ஒன்றில் தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் அதன் வடிவத்தை வரைந்தார்கள். அதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு, தமிழ்க் குறியெண்ணுக்கு மூன்று. 'க' 224, 174, 149 என்ற மூன்று பைட்டாகிறது. 9 குறியெண்ணுக்கு 27, இடைவெளிக்கு 2.

ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழுக்கு மூன்றா என்ற மனக்குறை நியாயமானது. குறுஞ்செய்தி பயன்படுத்துவது வேறு முறை என்றாலும், அங்கே இதே மனக்குறை காசாகவே தெரிந்தது. 140 பைட்டு கொள்ளும் ஒரு செய்தியில் ஆங்கிலம் 160 எழுத்து போகும், தமிழ் 70 குறியெண்ணோடு முடிந்துவிடும். 247 எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் டேஸ்-16 குறியேற்றத்தைத் தமிழ்நாட்டு அரசு 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டின்போது, யூனிகோடுக்குத் துணையாக ஏற்றதற்கும் இந்த மனக்குறை ஒரு காரணம். ஆனால் கைப்பேசிகளும் தேடுபொறிகளும் உலாவிகளும் யூனிகோடையே பேசின. வழக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது.

இணையப் பெயர்களிலும் சிங்கப்பூருக்குப் பங்கு உண்டு. ஆங்கிலம் அல்லாத எழுத்தில் இணைய முகவரி வைக்கும் முறையை 1998இல் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீயின் குழுவே செயல்படுத்திக் காட்டியது. '.சிங்கப்பூர்' என்ற தமிழ் முகவரி ஈறு 2011இல் நடைமுறைக்கு வந்தது. படிப்பவருக்கு ஆறு எழுத்து. முகவரிகளைத் தேடித் தரும் கணினிகளுக்கோ ஆங்கில எழுத்தும் எண்ணும் சிறுகோடும் கலந்த 22 இடச் சரம்.

உடைந்த தமிழ் ஐந்து வகை

நிரல் கற்பவர் முதலில் எழுதுவது திரையில் 'வணக்கம்' காட்டும் ஒற்றை வரி. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியில் அதற்கான கட்டளை 'பதிப்பி'. ஒற்றை வரியானாலும் வழியில் நான்கு கைமாற்றம் நடக்கிறது. நிரல் குறியெண்களைப் பைட்டுகளாக்குகிறது. வாங்கும் மென்பொருள் பைட்டுகளை மீண்டும் குறியெண்ணாக்குகிறது. எழுத்துரு உருவம் தருகிறது. உருவங்களை வரிசைப்படுத்தும் பொறி கொம்பையும் காலையும் உரிய இடத்தில் வைக்கிறது. எந்தக் கையில் தவறினாலும் தமிழ் உடையும், ஆனால் ஒவ்வொரு கையிலும் வேறு மாதிரி.

முதல் வகை, கேள்விக்குறி. ஆங் மோ கியோ என்பது '??? ?? ????' என்று வருகிறது என்றால், தமிழ் இல்லாத குறியேற்றத்தில் எழுத முயன்று, இடமில்லாத ஒவ்வொரு குறியெண்ணுக்கும் பதிலாக நிரல் ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறது. எண்ணிப் பாருங்கள், ஒன்பது. மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரில் தமிழ்ச் சரத்தின் முன் ஆங்கில 'என்' என்ற முன்னொட்டை விட்டுவிட்டால் நடப்பது இதுவே. மூல எண்கள் அழிந்துவிட்டன, மீட்க வழியே இல்லை. இந்த இடத்தில் பைத்தான் கண்டிப்பானது. தன் இயல்பில் அது கேள்விக்குறி இடாமல் பிழை காட்டி நின்றுவிடும். விண்டோஸ் கருப்புத் திரையில் தமிழ் அச்சிட முயன்ற எத்தனையோ மாணவர்கள் அந்தப் பிழைச் செய்தியைப் பார்த்து மிரண்டிருப்பார்கள். தரவு அழியாமல் காத்தது அந்தப் பிழைதான். 2016 டிசம்பரில் வந்த பைத்தான் 3.6 திரைக்கான சிக்கலைத் தீர்த்தது. வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிவிடும்போது பழைய குறியேற்றம் மீண்டும் தலைகாட்டும் என்பதால், கோப்பைத் திறக்கும் வரியிலேயே யூடிஎஃப்-8 என்று எழுதிவிடுவதே பாதுகாப்பு.

இரண்டாம் வகை, ஐரோப்பிய எழுத்துக் குப்பை. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்' என்ற பதிவுக்குறி, கரும்புள்ளி. இந்த மூன்றும் வரிசையாக வந்தால் அது 'க'. 224, 174, 149 என்ற பைட்டுகள் நலமாக வந்து சேர்ந்திருக்கின்றன, படித்தவர்தான் மேற்கு ஐரோப்பியப் பட்டியலை வைத்துப் படித்துவிட்டார். நிரல் எழுதிக் கொடுத்த சிஎஸ்வி கோப்பை எக்செல் திறக்கும்போது இது சாதாரணமாக நடக்கும். கோப்பின் தலையில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகளை இட்டால் எக்செல் புரிந்துகொள்ளும்.

குப்பையைப் பின்னோக்கிப் படித்தால் தமிழ் மீளும் என்று நிரலர்கள் சொல்வதுண்டு. தமிழில் ஒரு கண்ணி இருக்கிறது. விண்டோஸ் 1252 என்ற அந்த ஐரோப்பியப் பட்டியலில் 129, 141, 143, 144, 157 என்ற ஐந்து இடங்கள் வெற்று. உகரக் குறியின் கடைசிப் பைட்டு 129, புள்ளியுடையது 141, 'ஏ'வுடையது 143, 'ஐ'யுடையது 144. வெற்றிடப் பைட்டுகளைக் கைவிடும் மென்பொருள் வழியே ஒரு முறை போய்வந்தால், தமிழில் மிக அதிகமாகப் புழங்கும் புள்ளியும் உகரமும் முதல் பலி. மற்ற எழுத்துகள் மீண்டுவர இவை மட்டும் காணாமல் போவதன் காரணம் இதுதான்.

மூன்றாம் வகை, கரும் வைரத்துக்குள் கேள்விக்குறி. யூடிஎஃப்-8 விதிக்குப் பொருந்தாத பைட்டு வந்திருக்கிறது என்று பொருள். பழைய திஸ்கிக் கோப்பை யூனிகோடாக எண்ணித் திறந்தால் பக்கம் முழுக்க வைரம். சரத்தை நடுவில் வெட்டினாலும் வரும். 28 பைட்டு மட்டுமே கொள்ளும் புலத்தில் ஆங் மோ கியோவை இட்டால், 26 பைட்டு வரை ஒழுங்காக வந்து, ஓகாரத்தின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் நுழைந்து, 'கிய'வுக்குப் பின் ஒரு வைரம் நிற்கும். பைட்டுக்குப் பதில் 10 குறியெண் என்று வெட்டினால் வைரம்கூட வராது. 'ஆங் மோ கிய' என்று சுத்தமாக முடியும், யாரும் கவனிக்கமாட்டார்கள். அதுதான் இன்னும் மோசம்.

நான்காம் வகை வெற்றுக் கட்டம். பயப்பட ஒன்றுமில்லை. குறியெண் சரியாக வந்துவிட்டது, எழுத்துருவில் உருவம் இல்லை, அவ்வளவே.

ஐந்தாம் வகை, இடம் மாறிய கொம்பு. யூனிகோடில் 'மோ' ஒலி வரிசையில் கிடக்கிறது: முதலில் ம, அடுத்து ஓகாரக் குறி. அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, இரட்டைக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது வடிவாக்கப் பொறியின் வேலை. திறந்த மூலப் பொறியான ஹார்ஃப்பஸ் இன்று பெரும்பாலான உலாவிகளிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இதைச் செய்கிறது. அந்தப் பொறியைக் கூப்பிடாத மென்பொருளில் கொம்பு பின்னால் போய்விடும். பைத்தானில் படத்தின் மேல் எழுத்து வரையப் பயன்படும் 'பில்லோ' நூலகம், 'ரக்ம்' என்ற துணை நூலகம் இல்லாதபோது இப்படித்தான் வரைகிறது. அடோபி இன்டிசைனிலும் அனைத்து மொழிக்கான தொகுப்பியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இதே கதி. பதாகைகளிலும் துண்டறிக்கைகளிலும் காணும் சிதைவுகளில் பல இந்த வகை. சிங்கப்பூர் போல நான்கு மொழியில் அச்சிடும் நகரில், பக்கத்தை வடிவமைப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம். எழுத்துகள் அனைத்தும் இருக்கின்றன என்று அவர் நம்புவார். இருக்கின்றன, இடம்தான் தவறு.

ஒன்றுபோல் தெரியும் இரண்டு

வெளியீடு சரியாகத் தெரிந்தாலே சரி என்று ஆகாது. ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஏகாரக் குறியையும் காலையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டாம் முறையில் எழுதிய ஆங் மோ கியோ 13 குறியெண், 35 பைட்டு. இரண்டும் சமமா என்று பைத்தானைக் கேட்டால் இல்லை என்கிறது. ஒரு முறையில் பதிந்த பெயரை மறு முறையில் தேடினால் கிடைக்காது. யூனிகோடு இரண்டையும் சமம் என்றே அறிவித்து, ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்க விதியையும் தந்திருக்கிறது. அதைக் கூப்பிடும் பொறுப்பு மட்டும் நிரலருடையது.

அகர வரிசையும் அப்படியே. குறியெண் வரிசையில் 'ன' என்பது 'ப'வுக்கு முன்னால் நிற்கிறது, 'ற' என்பது 'ல'வுக்கு முன்னால். புள்ளியின் எண் எல்லா உயிர்க்குறிகளையும்விடப் பெரிது என்பதால் 'க்' என்பது 'கௌ'வுக்கும் பின்னால் போகிறது. எண் வரிசைப்படி அடுக்கிய பெயர்ப் பட்டியலைத் தமிழ் அகராதி பார்த்துப் பழகிய எவரும் ஏற்கமாட்டார். யூனிகோடு அமைப்பின் மொழிவாரி வரிசை விதிகளைப் பயன்படுத்தினால் தமிழ் வரிசை கிடைக்கும். எழுத்தை எழுத்தாக எண்ணவும் வழி உண்டு. 'ஓப்பன் தமிழ்' என்ற பைத்தான் நூலகம் சரத்தை ஆ, ங், மோ, கி, யோ என்று பிரித்துத் தருகிறது. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியோ இயல்பாகவே பயனர் கண்ணுக்குத் தெரியும் எழுத்தைத்தான் எண்ணுகிறது.

இனி வருவது, இன்னும் மிச்சம் இருப்பது

நிரல்மொழிகள் வழிக்கு வந்துகொண்டிருக்கின்றன. 2022 மார்ச்சில் வந்த ஜாவா 18, எந்தக் கணினியில் ஓடினாலும் யூடிஎஃப்-8ஐயே இயல்பாகக் கொண்டது. பைத்தான் 3.15 பதிப்புக்கும் அதே முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. புதிதாக எழுதப்படும் தமிழுக்குக் கேள்விக்குறி ஆபத்து ஆண்டுக்கு ஆண்டு குறையும்.

எஞ்சி நிற்பது பழைய தமிழ். கணியனிலும் திஸ்கியிலும் டாபிலும், பெயர் மறந்த எத்தனையோ எழுத்துருக்களிலும் தட்டச்சிட்ட கதைகள், மலர்கள், கூட்டக் குறிப்புகள், பாடக் கையேடுகள் வட்டுகளிலும் பழைய கணினிகளிலும் கிடக்கின்றன. ஆங் மோ கியோ நூலகத்தில் பல ஆண்டுகளாகக் கூடிவந்த வாசகர் வட்டம் போன்ற அமைப்புகளைச் சுற்றியுள்ள எழுத்தாளர் பலரிடம் இப்படிப்பட்ட கோப்புகள் இருக்க வாய்ப்பு உண்டு. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய ஒரே தகவல், எந்த எழுத்துருவில் தட்டச்சிட்டது என்பது. அது கோப்புக்குள் இல்லாமல், தட்டச்சிட்டவரின் நினைவில் மட்டும் இருப்பதும் உண்டு.

ஆகவே அத்தகைய கோப்பு வைத்திருப்போர் செய்ய வேண்டியவை மூன்று. மூலக் கோப்பைத் திருத்தாமல் ஒரு படி எடுத்து வையுங்கள். எழுத்துருவின் பெயரையும், கிடைத்தால் எழுத்துருக் கோப்பையும் அதோடு சேர்த்துப் போடுங்கள். பிறகு யூனிகோடுக்கு மாற்றி, புள்ளியும் உகரமும் கொம்பும் சரியாக வந்திருக்கின்றனவா என்று தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துச் சரிபாருங்கள்.